தானாக எழுந்து நின்றால் சரியாகிவிட்டதா?

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம்.

போன டிசம்பரில், "பழைய குரூப் போட்டோ கேட்பவர்கள் கொஞ்ச நாள் பொறுத்திருக்கவும், பெட்டி பழுது" என்று இங்கே ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கு வந்த ஆலோசனைகள் 70க்கு மேல். வேறு பெட்டி வாங்குங்கள், டிஸ்கை மாற்றுங்கள், ஃபார்மட் பண்ணுங்கள், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்பதில் ஆரம்பித்து, ராகு காலத்தில் ஆன் பண்ணாதீர்கள் என்பது வரை வந்தது. எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் ஒருவர்கூட "எப்போது நிற்கிறது சார்?" என்று கேட்கவில்லை. எனக்கு இருக்கும் ஆதங்கம் அதுதான். பெட்டி இப்போது சரியாகிவிட்டது. எப்படி என்று கேட்டவர்களுக்காகவும், கேட்காதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: வீட்டு ரவுட்டரோடு வயர் போட்டு இணைத்து வைக்கிற சேமிப்புப் பெட்டி அது. நாஸ் என்கிறார்கள். இரண்டு செங்கலைச் சேர்த்து நிறுத்திய அளவு இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயராம். நம் ஊரில் ரெய்டு என்றால் வருமான வரிக்காரர்கள் வருவதுதான். முதன்முதலில் மகள் போனில் "அப்பா, ரெய்டு போட்டிருக்கேன்" என்றபோது எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் 1986இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றேன். பெரும்பகுதி ஒரே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை வருஷா வருஷம் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ எடுப்போம். ஸ்டுடியோக்காரருக்குக் கொடுக்க ஆசிரியர்கள் சேர்ந்து காசு போடுவோம். பள்ளிக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்தது. எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பள்ளிக் கட்டடத்தின் ஜன்னல் பெயர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கியது. பள்ளிப் பிரதிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி அட்டையாகிவிட்டன. என்னிடம் இருந்ததில் 27 வருஷத்துப் படங்கள் தப்பின. அவற்றையும் விளையாட்டு விழா, இலக்கிய மன்றம், சுற்றுலா என்று கையில் இருந்த மற்ற படங்களையும் மகள் ஒரு ஸ்கேனர் வாங்கிக் கொடுத்து, ஒரு வருஷம் உட்கார்ந்து ஏற்றினேன். 4,000க்கு மேல் இருக்கும்.

இதில் பலருக்கு அந்தக் குரூப் போட்டோ தவிர சின்ன வயசுப் படமே கிடையாது. கல்யாணப் பத்திரிகை, மணிவிழா, கருமாதி என்று ஏதாவது ஒன்றுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நானும் தேடி அனுப்புவேன். ஓய்வுக்குப் பின் எனக்கு இருக்கிற உத்தியோகம் இது.

போன ஆகஸ்டில் இருந்து பெட்டி இடையிடையே தானாக நின்று தானாக எழுந்துகொண்டது. படத்தைத் திறக்கப் போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து அறையில் "டொக்" என்று ஒரு சத்தம். பிறகு விசிறி முழு வேகத்தில் சுற்றும். நாலைந்து நிமிடம் கழித்து ஒரு பீப். பச்சை விளக்கு. படம் திறக்கும். நானும் "சரி, வந்துடுச்சு" என்று வேலையைப் பார்ப்பேன். நாலு மாதம் இப்படியே ஓட்டினேன்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். அடியோடு செத்துப்போகிற சாதனத்தால் நமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. அன்றைக்கே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். விழுந்து விழுந்து எழுந்துகொள்கிறதே, அதுதான் ஆபத்து. எழுந்துவிட்டது என்கிற நிம்மதியில், ஏன் விழுந்தது என்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்" என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். பெட்டி அந்த வைத்தியத்தைத் தனக்குத்தானே செய்துகொண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு போன். 2004இல் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பையனின் தங்கை. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள். அந்த வருஷம் டிசம்பர் 26 காலையில் அவன் போய்விட்டான். வீட்டையும் சேர்த்து அலை கொண்டுபோனதால் அவர்களிடம் அவன் படம் ஒன்றுகூட இல்லை. "இருபதாம் வருஷம் சார். அம்மா கேக்குது. நம்ம பள்ளிக்கூடத்து போட்டோ உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க" என்றாள்.

இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அஞ்சு நிமிஷத்துல அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். டொக். பீப் வருவதற்குள் மறுபடி டொக். மூன்றாவது தடவையும் பாதியில் விழுந்தது. நாலாவது தடவை எழுந்தபோது பச்சைக்குப் பதில் ஆரஞ்சு விளக்கு. இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் காணவில்லை என்று எச்சரிக்கை. கை நடுங்கிவிட்டது எனக்கு. அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, "நாலு நாள் பொறுத்துக்கம்மா" என்றேன். "இருபது வருஷம் பொறுத்தாச்சு, நாலு நாள்ல என்ன சார்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

காரணம், வேறு பிரதி கிடையாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் இருப்பதால் அதுவே பேக்கப் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று காப்பாற்றும், அவ்வளவுதான். பெட்டியே எரிந்தால், திருடு போனால், நானே தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் போய்விடும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய இரண்டு பேரின் விடைத்தாள் மாதிரி. மகள் இதை 2020இலேயே சொல்லி, வெளியே ஒரு டிஸ்க் வாங்கி நகல் எடுத்து வையுங்கள் என்றாள். டிஸ்க்கும் வாங்கி வைத்திருந்தேன். கவர் பிரிக்கவில்லை. அதனால்தான் மறுநாள் காலையில் அவளுக்குப் போன் செய்யாமல், துணிப்பையில் பெட்டியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திட்டுவாளே என்கிற பயம்.

டவுனில் ஒரு கடை. பேர் வேண்டாம். பையன் ஆன் செய்தான், ஆரஞ்சு விளக்கைப் பார்த்தான், இரண்டு நிமிடம். "டிஸ்க் போயிடுச்சு சார். போர்டும் வீக். புதுசா செட் போட்டா 28,000 ஆகும். இல்ல, விட்டுட்டுப் போங்க, ரீசெட் பண்ணி ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்."

நான் ஒன்றும் கணினி படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். ஆனால் அந்தப் படிப்பில் ஒரு பாடத்தை எங்களுக்கு மனதில் பதிகிற மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். குறையறி சோதனை முதலில், குறைதீர் கற்பித்தல் பிறகு. கழித்தல் கணக்கில் பையன் தப்பு செய்கிறான் என்றால், மொத்தமாகக் கழித்தலை மறுபடி நடத்தாதே. கடன் வாங்கும் இடத்தில் தப்பு செய்கிறானா, நடுவில் சைபர் வந்தால் மட்டும் தப்பு செய்கிறானா என்று முதலில் பார். இந்தப் பையன் குறையறியவே இல்லை, நேராகச் சிலேட்டை அழித்துவிடலாம் என்கிறான். என் 27 வருஷத்தை. பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். திட்டினாள். திட்டி முடித்ததும் தெளிவாக ஒரு வரிசை சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் நகல், அதுவரை பழுது பார்க்கவே வேண்டாம். ஆன் செய்ததும் செட்டிங்கில் போய், சும்மா இருக்கும்போது டிஸ்க் தூங்கப் போவதை நிறுத்த வேண்டும். நகல் எடுக்கும் வெளி டிஸ்க்கைப் பெட்டியின் பின்னால் சொருகக் கூடாது, அதுவும் பெட்டியிடமிருந்துதான் கரண்ட் எடுக்கும். நோயாளி முதுகில் இன்னொரு மூட்டை ஏற்றிய மாதிரி. லேப்டாப்பில் சொருகி, வயர் வழியாக ஒவ்வொரு ஃபோல்டராக இழுக்க வேண்டும். முக்கியமானது முதலில்.

2004 ஃபோல்டரைத்தான் முதலில் இழுத்தேன். பிறகு மற்ற வருஷங்கள். 2011இல் பாதியில் ஒரு தடவை விழுந்தது. காத்திருந்து மறுபடி அதே ஃபோல்டரில் இருந்து தொடங்கினேன். இரண்டு ராத்திரியில் முடிந்தது. அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

பிறகுதான் பழுதுக்கு வந்தோம். பெட்டிக்குள் லாக் என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் நடவடிக்கைப் பதிவேடு மாதிரி. சூடு அதிகமாகிப் பெட்டி தானே அணைந்தாலும், அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனாலும், யாராவது பட்டனை அழுத்தினாலும், நிற்பதற்கு முன் அதில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் நிற்கும். என் பெட்டியில் அப்படி ஒரு வரியும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று அறுந்து, அடுத்த வரி "முந்தைய முறை முறைப்படி அணைக்கப்படவில்லை" என்று தொடங்குகிறது. அதாவது எழுத நேரம் கிடைக்காமல் விழுந்திருக்கிறது. மெமரி கோளாறிலும் போர்டு கோளாறிலும்கூட இப்படி ஆகலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட்.

டிஸ்க்குகளையும் பார்த்தோம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு கணக்கு வைத்திருக்கும். ஸ்மார்ட் என்று பெயர். கெட்டுப்போய் ஒதுக்கி வைத்த இடங்கள் எத்தனை என்ற கணக்கு இரண்டிலும் பூஜ்யம். கடைக்காரப் பையன் "போயிடுச்சு" என்றானே, அந்த டிஸ்க்கிலும் பூஜ்யம்தான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போய், அவசரமாக முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்ட தடவைகள் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. அது இருநூறைத் தாண்டியிருந்தது. பாவம், டிஸ்க் குற்றவாளி இல்லை, அடி வாங்கியது அது.

கரண்ட் என்றதும் என் மச்சினர் இன்வெர்ட்டரைக் கைகாட்டினார். ஈபி போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற கண்சிமிட்டும் நேரத்தில் விழுகிறது என்றார். நியாயமான சந்தேகம். ஆனால் சந்தேகத்தைச் சோதிக்காமல் இன்வெர்ட்டரை மாற்ற நான் தயாராக இல்லை. ஒரு 80 பக்க நோட்டு எடுத்தேன். ஆகஸ்டில் இருந்து லாக்கில் உள்ள ஒவ்வொரு விழுதலையும் தேதி, நேரத்தோடு எழுதினேன். 43. அடுத்த கட்டத்தில், அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஞாபகம் இல்லைதான். ஆனால் வாட்ஸ்அப்புக்கு ஞாபகம் இருக்கிறது. யாருக்கு எந்தப் படத்தை எத்தனை மணிக்கு அனுப்பினேன் என்று அதில் இருக்கிறதே! அதைப் பார்த்துப் பார்த்து எதிரே எழுதினேன். முழுதாக ஒரு பகல் ஆனது. விடைத்தாள் கூட்டல் சரிபார்க்கிற மாதிரி இருந்தது, எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

43இல் 29, நான் யாருக்கோ படம் அனுப்புவதற்குச் சில நிமிடம் முன்னால். 6, ராத்திரி 2 மணிக்கு. டிஸ்க்கைச் சோதிக்கும் வேலை ஒன்றை அந்த நேரத்துக்குத்தான் மகள் வைத்திருந்தாளாம். 5 மட்டும் கரண்ட் கட் நேரத்தோடு ஒத்துப்போனது. அந்த நாலு மாதத்தில் எங்கள் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போனது என்று உங்களுக்குத் தெரியும். இன்வெர்ட்டர் காரணமாக இருந்தால் ஐந்தோடு நின்றிருக்குமா? மீதி 3க்கு இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

29ஐயும் 6ஐயும் உற்றுப் பார்த்தால் ஒரே விஷயம். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு டிஸ்க்கும் ஒன்றாக எழுந்திருக்கும் நேரம் அது. சும்மா இருக்கும்போது விழவே இல்லை. வேலை கொடுத்தால் விழுகிறது. நீளமாக இருக்கிற இந்த நோட்டின் முடிவு இவ்வளவுதான்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். நாலாம் வகுப்பு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது பொத்தென்று விழுவான். தூக்கி நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவான். "சரியாயிட்டான், வகுப்புக்குப் போ." வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒருநாளும் விழுந்ததில்லை. ஒரு ஆசிரியர் வலிப்பு என்றார். இன்னொருவர், வழிபாட்டில் நிற்கச் சோம்பல்பட்டு நடிக்கிறான் என்று பிரம்பெடுத்தார். பல வாரம் கழித்துத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது, காலையில் என்னடா சாப்பிட்டாய் என்று. விடியற்காலையில் அம்மாவோடு வயலுக்குப் போய்விட்டு அப்படியே பள்ளிக்கூடம் வருகிறவன். மதியம் சத்துணவுதான் அன்றைய முதல் சாப்பாடு. உட்கார்ந்திருக்க உடம்பில் தெம்பு இருந்தது, நிற்கத்தான் இல்லை. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. அவனை அடித்த பிரம்பு என்னுடையதில்லை. ஆனால் "சரியாயிட்டான், போ" என்று பலமுறை சொன்னது நான்தான்.

பெட்டிக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? அடாப்டர். சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் கிடக்கிற கறுப்புக் கட்டி. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 70 ஆலோசனையிலும் அது வரவில்லை. என்னுடையதில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருந்தது. இந்த மாதிரி பெரிய டிஸ்க் ஒன்று, சுற்றிக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிக்கு ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும். இரண்டு டிஸ்க் ஒன்றாக எழுந்தால் 4. போர்டும் விசிறியும் வேறு. அடாப்டர் இளமையாக இருந்தால் தாங்கும்.

என் பழைய மாணவன் ஒருவன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவனோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவனிடம் அடாப்டரைக் கொண்டுபோனேன். மீட்டரை வைத்தான். 12.2 வோல்ட். "நல்லாத்தானேடா இருக்கு?" என்றேன். சிரித்தான். "சார், சும்மா இருக்கறவனைக் கேட்டா பலசாலிம்பான். மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பாக்கணும்" என்று, வண்டியின் பிரேக் லைட் பல்பு ஒன்றை எடுத்து இணைத்தான். 21 வாட் பல்பு. மீட்டர் 11.4க்கு இறங்கியது. இன்னொரு பல்பைச் சேர்த்தான். இரண்டு பல்பும் மங்கி, மினுக் மினுக் என்று துடித்தன. மீட்டர் 9க்கும் 10க்கும் நடுவில் ஆடியது. பிறகு தன் கடையில் இருந்த நல்ல 12 வோல்ட் அடாப்டர் ஒன்றில் அதே இரண்டு பல்பைப் போட்டுக் காட்டினான். 11.9இல் அசையாமல் நின்றது. ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவனாகச் செய்தான். அவனுக்கு நான் போட்ட மதிப்பெண்களைத் திருத்த இப்போது வழி இருந்தால் நன்றாக இருக்கும்.

அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் என்று சின்னச் சின்ன டப்பாக்கள் உண்டு. உள்ளே ஒரு திரவம். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அது காய்ந்துவிடும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நான் அந்த அடாப்டரை எங்கே போட்டிருந்தேன் தெரியுமா? பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய துணி மூட்டைக்கு அடியில். ஐந்து வருஷம். பெட்டி அழகாக மேசைமேல் இருக்க வேண்டும், வயர் கண்ணில் படக் கூடாது என்ற ஆசை.

புது அடாப்டர் 1,400 ரூபாய். வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின் சொருகினால் சரி என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. லேபிளில் ஒரு வட்டம், அதன் நடுவே புள்ளி, இரு பக்கமும் பிளஸ் மைனஸ் என்று ஒரு குறி இருக்கும். அதுவும் ஒத்துப்போக வேண்டும், மாறினால் போர்டு போய்விடும். பழைய அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

மாற்றியபோதும் ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். ஜங்ஷன் பாக்ஸையும் மாற்றுங்கள், அப்டேட்டும் போடுங்கள், தூசியும் தட்டுங்கள் என்று மச்சினர் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது குணப்படுத்தியது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும். அடாப்டர் மட்டும். பிரிந்து நின்ற டிஸ்க்கை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னதும் பெட்டி ஒரு ராத்திரி முழுதும் எழுதிச் சேர்த்துக்கொண்டது. பச்சை விளக்கு. ஒரு வாரம் கழித்து, வேண்டுமென்றே டிஸ்க் தூங்கும் செட்டிங்கைத் திரும்ப வைத்தேன். தூங்கியது, கேட்டதும் எழுந்தது, விழவில்லை. அன்றைக்குத்தான் நோட்டில் "சரி" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

இதற்கெல்லாம் முன்பே, நகல் எடுத்த மறுநாளே, படத்தை ஸ்டுடியோவில் பெரிதாக்கி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசை, இடமிருந்து நாலாவது. ஸ்டுடியோக்காரர் அமுக்கிய நேரம் பார்த்து அவன் கண்ணை மூடியிருக்கிறான். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ண மூடிட்டான் பாரு, எப்பவும் இப்படித்தான், வெயில் ஆகாது அவனுக்கு" என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் கூகுளில் போட்டுவிட வேண்டியதுதானே, பெட்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கு: ஒரு பிரதி அங்கேயும் இருக்கட்டும், இப்போது போட்டு வருகிறேன். ஆனால் அது மாத வாடகை வீடு. எனக்குப் பிறகு வாடகை கட்டப்போவது யார்? வெளி டிஸ்க்கில் எடுத்த நகல் மகள் வீட்டில் பெங்களூரில் இருக்கிறது. இன்னொரு புயல் வந்தாலும் இரண்டு ஊரில் ஒரே நாளில் ஓடு பறக்காது.

இந்த வேலையில் ஒன்று தெரிந்தது. 1994, 1997 இரண்டு வருஷத்துக் குரூப் போட்டோவும் ஸ்கேன் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை. அந்த வருஷங்களில் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் யாரிடமாவது பிரதி இருந்தால், செல்போனில் படம் பிடித்து அனுப்பாமல், பிரதியையே ஒருநாள் இரவல் கொடுங்கள். ஸ்கேன் செய்து மறுநாள் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன். அடாப்டரை இப்போது மேசைமேல், காற்றுப் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். வயர் கண்ணில் படுகிறது, பட்டுவிட்டுப் போகட்டும்.